துறைமுகமில்லாத இரு கரைகள்: டச்சுக் கடற்கரை ஓவியமும் கோல்கொண்டா வணிகமும்

ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் 1951 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுஃப் அலி கான் (1889–1949) திரட்டிய கலைப்பொருள்களே அதன் அடித்தளம். அங்குள்ள ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் பெரும்பாலும் ஒரு பிரபுவின் ரசனைக்கும் செல்வத்திற்கும் சான்றாகவே பேசப்படுகின்றன. ஆயினும் ஐரோப்பிய ஓவியத்தை உழைப்பின் வரலாற்றுக்கான ஆவணமாகவும் வாசிக்க இயலும். ஹைதராபாத்தின் கடந்தகாலத்தோடு நெருங்கிய உறவுடைய டச்சுக் கடற்கரை ஓவிய மரபு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இவ்வகை ஓவியங்களில் மீன்பிடி படகுகள் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. மணலில் சாய்ந்து கிடக்கின்றன. இது ஓவியரின் கற்பனையன்று. ஸ்கெவனிங்கன், கட்வைக் போன்ற மீனவர் ஊர்களில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. ஆகவே தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் கட்டப்பட்டு, கரையிலேயே ஏற்றி நிறுத்தப்பட்டன. சைமன் டி விளீகர் 1643இல் தீட்டிய கடற்கரைக் காட்சி இம்மரபின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் 1881இல் ஸ்கெவனிங்கன் கரையைச் சுமார் 14 மீட்டர் உயரமும் 120 மீட்டர் சுற்றளவும் உடைய வட்ட ஓவியமாக்கினார். 1894 டிசம்பர்ப் புயலில் அவ்வூரின் படகுகள் பெருஞ்சேதமுற்றன. 1904இல் துறைமுகம் அமைந்தபின் கரையேற்றும் படகுகள் படிப்படியாக மறைந்தன. மறைந்துபோன ஒரு தொழில்முறையை அவ்வோவியங்கள் இன்றும் காட்டுகின்றன.

அதே டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையை அடைந்தபோது, இங்கும் துறைமுகமில்லாத கரையையே கண்டனர். 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய முகமது குலி குதுப் ஷாவின் ஆட்சியில், 1606 அளவில் மசூலிப்பட்டினத்தில் அவர்களது வணிகநிலையம் அமைந்தது. தெற்கே பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கோல்கொண்டா நாட்டுத் துணிகள் மசூலிப்பட்டினம் வழியாகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, அங்கு நறுமணப்பொருள்களுக்கு ஈடாக மாற்றப்பட்டன. எனினும் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை, தொலைவில் நங்கூரமிட்டன. இடைப்பட்ட கடலைக் கடக்க உள்ளூர்ப் படகோட்டிகளே வேண்டியிருந்தது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகில் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை மோதும்போது படகு உடையாமல் வளைந்து கொடுத்தது.

ஆகவே இரு கரைகளும் ஒரே இடர்ப்பாட்டுக்கு இருவேறு விடைகளைக் கண்டன: அங்கே தட்டையடிப் படகு, இங்கே தைத்த படகு. ஆனால் அவற்றின் நினைவு ஒரே அளவில் காக்கப்படவில்லை. ஒல்லாந்து மீனவர் தம் நாட்டு ஓவியரின் விருப்பமான பொருளாயினர். அவர்களின் படகுகள் சீமான்களின் சுவர்களை அலங்கரித்தன. கோல்கொண்டாவில் பணியாற்றிய டச்சு அலுவலர் டேனியல் ஹவார்ட் 1693இல் சோழமண்டலத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் குறித்து ஒரு நூலே வெளியிட்டார். அவ்வெழுச்சிக்குரிய சரக்கைத் தோளிலும் துடுப்பிலும் சுமந்தவர்களுக்கோ அத்தகைய ஓவிய மரபு வாய்க்கவில்லை.

குதுப் ஷாகி வணிக வரலாறு சுல்தான்கள், வணிகர்கள், வைரங்கள் ஆகியவற்றோடு நின்றுவிடலாகாது. தலைநகரின் செல்வம் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஒரு கரையின் அலைகளைக் கடந்தே பெருகியது. டச்சு ஓவியத்தில் மணலில் கிடக்கும் படகைக் காணும் மாணவர், அப்படகைக் கரையேற்றியவர் யார் என்று கேட்கப் பழகினால், மசூலிப்பட்டினக் கணக்கேடுகளிலும் அதே கேள்வியை எழுப்ப முடியும்.