மீற்றர் சொல்லாத கிலோமீற்றர்கள்



2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து நமதூர்க் கடைத்தெருவில் ஒரே பேச்சுத்தான். யார் புதுசு எடுக்கிறார்? யார் பழசை விற்கிறார்? புதுசைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் இன்று பழசைப் பற்றி எழுதுகிறோம். முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த 110 கொரோலாவுக்கும், எஃப்பி 14 சன்னிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் நாட்டின் வரலாறும்தான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

நம் மூத்தவாப்பாமார் காலத்தில் கார் என்றால் மொரிஸ் மைனர், ஒஸ்டின், பீஜோ. ஊருக்கு இரண்டோ மூன்றோ இருக்கும். பிரசவ வலி வந்தாலும் அந்தக் கார்தான், மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் அந்தக் கார்தான். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது புதுக் கார் வருவது பெரிதும் சுருங்கியது. இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து போட்டார்கள். நம் நாட்டு பாஸ்மாரின் கைவண்ணம் அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் நன்றாகத் தேறியது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் ஜப்பான் கார்கள் அலை அலையாக வந்தன. முதலில் டட்சன், பிறகு அதே குடும்பத்து நிசான் சன்னி, டொயோட்டா கொரோலா, மிட்சுபிஷி லான்சர். உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் மஸ்டா கார்களை இங்கேயே பொருத்தியும் விற்றது. அதன் பிறகு நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு வாசலைத் திறந்தது ‘ரீகண்டிஷன்’ என்று நாம் சொல்லும் பாவித்த கார்.

ஏன் ஜப்பானிலிருந்து? முதல் காரணம், அங்கேயும் இங்கேயும் வாகனம் இடப்பக்கமாகத்தான் ஓடுகிறது. ஸ்டியரிங் வலப்பக்கம். எதையும் மாற்றாமல் கப்பலிலிருந்து இறக்கி ஓடலாம். இரண்டாவது காரணம் ஜப்பானியச் சட்டம். அங்கே ‘ஷாக்கென்’ என்றொரு கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. புதுக் காருக்கு மூன்றாம் வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்கான செலவு அதிகம் என்பதால், பரிசோதனைத் தவணை நெருங்கும்போது பலர் காரை விற்றுவிடுகிறார்கள். பதின்மூன்று வருடம் தாண்டிய பெற்றோல் கார்களுக்கு வரியும் கூடுகிறது. ஆக, அங்கே பழசு என்று கழிக்கப்பட்டது இங்கே வந்து ‘புதுக் கார்’ ஆனது. அங்கே பதின்மூன்று வருடம் என்றால் முதுமை. இங்கே அந்த வயதில்தான் பல கார்கள் நமதூருக்கு வந்து சேர்கின்றன.

நம்மவர்கள் இந்தக் கார்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பனி விளம்பரத்தில் உள்ள பெயரை யாரும் சொல்வதில்லை. 110, 121, எஃப்பி 14, எஃப்பி 15, ட்ராட் சன்னி, டிஎக்ஸ் வேகன் என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் செஸி இலக்கத்தின் முன்பகுதிதான் காரின் பெயர். பாகம் தேடி அலைந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. பஞ்சிகாவத்தையில் போய் “கொரோலாவுக்கு பிரேக் பேட் தாங்க” என்றால், “எந்தக் கொரோலா?” என்றுதான் கேட்பார்கள்.

இலக்கத் தகடும் ஒரு வரலாற்றுப் புத்தகம். 1950களின் இறுதியில் சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டுக்கு வந்தபோது அதற்கெதிராகப் பெரும் போராட்டமே நடந்தது. பிறகு ஸ்ரீ போய் வெறும் கோடு வந்தது. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகள் வந்தன. ஒரு காரின் தகட்டைப் பார்த்தே அது எந்த ஆட்சியில், எந்த வரிக் காலத்தில் இறங்கியது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் ஊரில் இப்போதும் இருக்கிறார்கள்.

அடுத்த கதவடைப்பை நாமே கண்டோம். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. எரிபொருள் வரிசைகள் நாள் கணக்கில் நீண்டன. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குப் புதுக் கார் வரவில்லை. அந்த ஐந்து வருடமும் நம் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கும், உம்மாமாரை கிளினிக்குக்கும், மையித்து வீட்டுக்கு உறவுகளையும் ஏற்றி இறக்கியவை இந்தப் பழைய கார்கள்தான். வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்றவர்களும் உண்டு.

இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு ஜப்பான்காரனின் கெட்டித்தனம் மட்டும் காரணமல்ல. கடற்காற்று தின்ற அடித்தகட்டை வெட்டி ஒட்டிய டிங்கரிங்காரர், சத்தத்தைக் கேட்டே பெயாரிங் போய்விட்டது என்று சொல்லும் பாஸ், பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பாகம் அனுப்பிவைத்த கடைக்காரர், இவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

இப்போது சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறோம். கதவு திறந்திருக்கிறது. வரி கூடுதல் என்றாலும் வசதியுள்ளவர்கள் புதுசு எடுக்கிறார்கள். அவர்களுடைய பழசு கை மாறுகிறது. அதை வாங்குபவர் யார்? முதன்முதலாகக் கார் வாங்கும் ஒருவர். வெளிநாட்டில் உழைத்து வந்த தம்பி, ஓய்வுபெற்ற ஆசிரியர், நகையை விற்றுக் காசு சேர்த்த குடும்பம். அவர்கள் முதலில் பார்ப்பது மீற்றரை. அந்த மீற்றர் உண்மை சொல்கிறதா?

மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரை ஒன்றரை இலட்சம் என்று காட்டுவது இன்று ஒரு மணித்தியால வேலை. ‘எல்லோரும் செய்வதுதானே’ என்று சிலர் சொல்வார்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். குறைத்த மீற்றர் என்பது மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். விசயம் பணத்தோடும் முடிவதில்லை. 110இன் டைமிங் பெல்ட்டுக்கு ஒரு ஓட்டக் கணக்கு உண்டு. மீற்றர் பொய் சொன்னால் எதை எப்போது மாற்றுவது என்று வாங்கியவருக்குத் தெரியாது. நடுச்சாமத்தில் காட்டுப் பாதையில் பிள்ளைகுட்டிகளோடு நிற்க வேண்டி வரும்.

அதனால் விற்பவர்களிடம் நமது வேண்டுகோள் இதுதான். ஓடிய கிலோமீற்றரை உள்ளபடி சொல்லுங்கள். மாற்றிய பாகங்களின் பில்லைச் சேர்த்துக் கொடுங்கள். அடிபட்ட கார் என்றால் எங்கே அடிபட்டது என்று காட்டுங்கள். அதிகம் ஓடியது ஒரு குறையல்ல. ஒழுங்காக ஒயில் மாற்றி மூன்று இலட்சம் ஓடிய காரை நம் பாஸ்மார் தைரியமாக வாங்கச் சொல்வார்கள். வாங்குபவர்களே, பளபளக்கும் பெயின்டை விட்டுவிட்டு ஒரு பாஸைக் கூட்டிப் போய் அடித்தகட்டைப் பாருங்கள். அவருடைய கூலியில் பேரம் பேசாதீர்கள்.

நமதூரின் முதல் ஜப்பான் கார் யாருடையது, எந்த வருடம் வந்தது, இலக்கம் என்ன? தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் போடுங்கள். எழுதிவைக்காவிட்டால் இதுவும் மறந்துபோகும்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.