காணாத காயம்

முதலாம் உலகப் போரிலே, பீரங்கிக் குண்டுகளின் ஓயாத முழக்கத்தால் நடுக்கமும் பேச்சிழப்பும் உற்ற பிரித்தானிய வீரர் பல்லாயிரவர். 1915ஆம் ஆண்டில் மருத்துவர் சார்ள்ஸ் மயர்ஸ் இந்நோயைக் குண்டதிர்ச்சி என்று குறித்தெழுதினார். அவ்வாண்டிலேயே ஹரி ஃபார் என்னும் வீரர் அந்நோயால் ஐந்து திங்கள் மருத்துவமனையிற் கிடந்தார். மறு ஆண்டு, சோம் போர்முனைக்குச் செல்ல இயலாது என்ற அவரைக் கோழையெனத் தீர்த்தது இராணுவ நீதிமன்றம். 1916 ஒக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தண்டனை அவரோடு முடியவில்லை. மனைவிக்கு உபகாரச் சம்பளம் மறுக்கப்பட்டது. மூன்று வயது மகளோடு அவர் வீட்டையும் இழந்தார். அம்மகளும், அவ்வாறே வீரரை இழந்த பிற குடும்பத்தாரும் பல்லாண்டு வாதாடினர். 2006ஆம் ஆண்டில் ஹரி ஃபார் உள்ளிட்ட 306 வீரர்க்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பெயரின் மாசு நீங்கிற்று. உதவி வேண்டி நின்ற மனைவியோ 1993இலேயே மறைந்துவிட்டார்.