கன்டெம்ப்ட்
சதுரங்க மென்பொருள் சமநிலை (டிரா) முடிவை எவ்வளவு மதிக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு கன்டெம்ப்ட். இகழ்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். தமிழில் நெருங்கி வருவது 'இளக்காரம்': எதிராளியை எளியவராக எண்ணி, அவரோடு டிரா செய்வதையே நட்டமாகக் கருதுவது.

வழக்கமாக டிராவின் மதிப்பு 0. கன்டெம்ப்டை ஒரு சிப்பாயில் ஐந்தில் ஒரு பங்காக வைத்தால் டிராவின் மதிப்பு −0.20 ஆகிவிடும். அப்போது −0.10 தரும் நகர்வுகூட, ஒரே நிலையை மூன்று முறை கொண்டுவந்து டிரா செய்வதைவிட மேல். மென்பொருள் ஆட்டத்தைத் தொடரும். எதிர்க்குறியில் வைத்தால், சற்றே மேலான நிலையிலும் டிராவைத் தேடிப் போகும்.

மனிதரிடமும் இதைப் போன்ற முடிவு உண்டு. 2024 சிங்கப்பூர் உலகப் பட்டப் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தில் டிங் லிரெனுக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய சென்னையின் குகேஷ், நிலை திரும்பத் திரும்ப வந்தபோது 26-ஆவது நகர்வில் ராணியை எச்4 கட்டத்துக்குக் கொண்டுபோய் டிராவைத் தவிர்த்தார். மென்பொருள் கணிப்பு வெள்ளையின் பக்கமே சாய்ந்திருந்தது. ஆட்டமும் கடைசியில் டிராதான். குகேஷின் முடிவை இளக்காரம் என்பது தகாது, அது ஆடும் வேட்கை.

சதுரங்க மென்பொருள்களில் ஸ்டாக்ஃபிஷ் கன்டெம்ப்ட் அமைப்பை 2021-இல் நீக்கிவிட்டது, லீலாவில் உண்டு.