பூட்டாத வாசல்: நீச்சல் குள விபத்துச் சட்டத்தின் வரலாறு

நீச்சல் குள விபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் நெடுங்காலம் எழவே முடியாமல் இருந்ததற்கு இரண்டு பழைய விதிகள் காரணம். முதலாவது சாவு பற்றியது. 1808இல் பேக்கர் - போல்டன் வழக்கில் நீதிபதி எல்லன்பரோ, ஒருவர் இறந்துபோனதை நட்டமாகக் காட்டி எந்தச் சிவில் நீதிமன்றத்திலும் முறையிட முடியாது என்று தீர்ப்பளித்தார். கோச்சு வண்டி விபத்தில் மனைவியைப் பறிகொடுத்த கணவனுக்கு, அடிபட்ட பின் அவள் உயிரோடு இருந்த ஏறக்குறைய ஒரு மாத காலத்துக்கான இழப்பீடு மட்டுமே கிடைத்தது. பிறர் கவனக்குறைவால் காலை இழந்தவர் வழக்குப் போடலாம். செத்துப்போனவரின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. தண்ணீரில் நேரும் விபத்தோ பெரும்பாலும் சாவில் முடிவது. இந்தக் கொடுமை 1846இல் இங்கிலாந்தில் கேம்ப்பெல் பிரபு கொண்டுவந்த சட்டத்தால் நீங்கியது. அதே அடிப்படையில் 1855இல் இந்தியாவுக்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டாவது விதி நிலம் பற்றியது. ஒருவர் அடிபட்டார் என்றால், அவர் எந்த உரிமையில் அங்கே வந்தார் என்றுதான் நீதிமன்றம் முதலில் கேட்கும். தொழில் நிமித்தமாக வந்தவருக்கு முழுப் பாதுகாப்பு. சர்க்கரை ஆலைக்கு எரிவாயு வேலையாக வந்து, அடைப்பில்லாத குழியில் விழுந்த தொழிலாளியின் வழக்கில் 1866இல் இது உறுதியானது. கட்டணம் கட்டிக் குளிக்க வருபவர்களுக்கும் பின்னாளில் இதே விதிதான் பொருந்தியது. சும்மா அனுமதியின்பேரில் வந்தவருக்கு அதைவிடக் குறைவு. அத்துமீறி நுழைந்தவருக்கோ, வேண்டுமென்று தீங்கு செய்யாமல் இருந்தாலே போதும். சுவரேறிக் குதித்த திருடனும் பந்தைத் தேடி வந்த ஐந்து வயதுப் பிள்ளையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1929 வரைகூட இதில் பிடிவாதமாக நின்றது. ஸ்காட்லாந்துச் சுரங்கம் ஒன்றின் இழுவைச் சக்கரத்தில் சிக்கி இறந்த நான்கு வயதுச் சிறுவனின் தகப்பனாருக்கு அந்த ஆண்டில் அது இழப்பீடு மறுத்தது.

இந்த விதியில் முதல் பெரிய விரிசல் அமெரிக்காவில், தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் விழுந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் ஊரில் ரயில் எஞ்சின்களைத் திருப்பிவிடும் சுழல்மேடை ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு இல்லை; தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. 1869இல் பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடியபோது ஆறு வயதுச் சிறுவனின் கால் நசுங்கியது. ஜூரி 7,500 டாலர் இழப்பீடு விதித்தது. ரயில்வே கம்பெனி மேல்முறையீடு செய்ய, 1873இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜூரியின் முடிவையே நிலைநிறுத்தியது. சிறுபிள்ளைகள் வரக்கூடும் என்று கம்பெனி எதிர்பார்த்திருக்க வேண்டும், பூட்டுவது எளிது, ஆகவே பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டு கழித்து மினசோட்டா நீதிமன்றம் ஒருபடி மேலே போய், பிள்ளைகளை ஈர்க்கும் பொருளைத் திறந்து வைத்திருப்பதே அவர்களை அழைப்பதற்குச் சமம் என்றது. பிள்ளைகளைக் கவர்ந்திழுக்கும் ஆபத்து என்ற கோட்பாடு இப்படித்தான் பிறந்தது.

குளங்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தும் என்று இன்று தோன்றும். அன்று பொருந்தவில்லை. 1896இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், சான்பிரான்சிஸ்கோவில் தேங்கிய நீரில் மூழ்கி இறந்த பதினொரு வயதுச் சிறுவனின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தண்ணீரில் முங்கினால் உயிர் போகும் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஊரெங்கும் உள்ள குட்டைகளுக்கெல்லாம் வேலி போடச் சொல்ல முடியாது. இதுதான் வாதம். பதினொரு வயதுக்கு இது ஒருவேளை பொருந்தலாம். ஆனால் பின்னால் வந்த நீதிமன்றங்கள் இதையே நடைபழகும் குழந்தைகளுக்கும் பொருத்தின. தண்ணீரை இன்னும் தண்ணீர் என்றே அறியாத குழந்தைக்கு அதன் ஆபத்து தெரியும் என்று சட்டம் கருதிக்கொண்டது.

கேன்சஸ் மாநிலத்தின் அயோலா ஊருக்கு வெளியே நேர்ந்தது இதைவிடக் கொடியது. அங்கிருந்த ரசாயனத் தொழிற்சாலை ஒன்றை 1910இல் இடித்துவிட்டார்கள். நிலவறையை மட்டும் மூடாமல் விட்டார்கள். அதில் நீர் நிறைந்தது. பார்வைக்குத் தெளிந்த நீர். உள்ளே கந்தக அமிலமும் துத்தநாக சல்பேட்டும் கரைந்த நஞ்சு. 1916 கோடையில் அந்த வழியாகப் பயணம் செய்த ஒரு குடும்பம் சற்றுத் தொலைவில் கூடாரமடித்துத் தங்கியது. அவர்களுடைய எட்டு வயது, பதினொரு வயதுப் பையன்கள் குளிக்க இறங்கினார்கள். இருவருமே இறந்தார்கள்.

ஜூரி பெற்றோருக்கு இழப்பீடு தந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 1922இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் புகழ்பெற்ற நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். பையன்கள் அந்த நிலத்தில் காலடி வைத்த இடத்திலிருந்து குளம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவர்களை உள்ளே இழுத்தது குளம் அல்ல. ஆகவே அழைப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. தர்க்கத்தில் பிழை காண்பது கடினம். அதனாலேயே இது கசக்கிறது. பார்த்தவுடன் குடிக்கவும் குளிக்கவும் தோன்றும் நஞ்சுநீரை ஆண்டுக்கணக்காகத் திறந்துவிட்டவர் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு கேட்கவே இல்லை. தலைமை நீதிபதி டாஃப்ட் உட்பட மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. அவர்கள் சார்பில் நீதிபதி கிளார்க் எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் பக்கமே காலம் சாய்ந்தது.

1934இல் அமெரிக்கச் சட்டக் கழகம் தீங்கியல் சட்டத்தை, அதாவது பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு தரும் சட்டத்தை, தொகுத்தபோது ஈர்ப்பு என்ற பேச்சையே விட்டுவிட்டது. பிள்ளைகள் வரக்கூடும் என்று உரிமையாளருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? ஆபத்து பெரியதா? வயதுக் குறைவால் பிள்ளைக்கு அது புரியாமல் போகுமா? அந்த ஆபத்தை அப்படியே வைத்திருப்பதால் கிடைக்கும் பயன் அதோடு ஒப்பிட்டால் அற்பமா? இவையே புதிய கேள்விகள். பையன் எந்த உரிமையில் வந்தான் என்பதிலிருந்து, உரிமையாளர் என்ன அறிந்திருந்தார் என்பதற்குச் சட்டம் நகர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவின் புறநகர் வீடுகளில் தனியார் நீச்சல் குளங்கள் பெருகின. கொல்லைக்குக் கொல்லை குளம் என்றானதும் பழைய குட்டை வாதம் தாங்கவில்லை. 1959இல் கிங் - லென்னன் வழக்கில், ஒன்றரை வயதுக் குழந்தை பிறர் வீட்டுக் குளத்தில் மூழ்கி இறந்ததற்கு வழக்குத் தொடுக்க இடமுண்டு என்று அதே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968இல், வந்தவரை வகை பிரித்துப் பார்க்கும் முறையையே அது கைவிட்டது. குளியலறைக் குழாயின் உடைந்த கைப்பிடி ஒரு விருந்தாளியின் கையைக் கிழித்த சின்ன வழக்கு அது.

வழக்குகளைப் பின்தொடர்ந்து சட்டமன்றங்களும் வந்தன. கலிஃபோர்னியா 1996இல் இயற்றிய நீச்சல் குளப் பாதுகாப்புச் சட்டம் வேலியை அங்குலக் கணக்கில் வகுத்தது. உயரம் 60 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கதவு தானாக மூடித் தானாகத் தாழிட வேண்டும். தாழ்ப்பாள் தரையிலிருந்து 60 அங்குலத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். குழந்தையின் கை எட்டும் தூரத்தை அளந்து எழுதிய சட்டம் இது.

வேலிக்கு உள்ளேயும் ஆபத்து இருந்தது. பம்பு நீரை உறிஞ்சும் வடிகால் வாயை ஓர் உடல் முழுவதுமாக அடைத்துவிட்டால், உள்ளே உண்டாகும் வெற்றிட விசை அந்த உடலை விடாது. 1993இல் வட கரோலினாவில், குழந்தைகள் விளையாடும் ஆழமில்லாத குளத்தில் மூடி கழன்றிருந்த வடிகால் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் குடலை உறிஞ்சியது. மூடியைத் திருகாணியால் இறுக்கியிருந்தால் அது நேர்ந்திராது. 1997இல் ஜூரி மூடி தயாரித்த நிறுவனத்துக்கு 2.5 கோடி டாலர் விதித்தது. சிறுமிக்காக வாதாடிய ஜான் எட்வர்ட்ஸ் பின்னர் செனட்டரானார். 2002இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி வெந்நீர்த் தொட்டி ஒன்றில் இதே போல் சிக்கி இறந்தாள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து இழுத்து மீட்டபோது மூடியே உடைந்தது. அவள் பெயரைத் தாங்கிய கூட்டரசுச் சட்டம் 2007 டிசம்பரில் கையெழுத்தானது. தரம் நிர்ணயித்த மூடிகளையும், ஒற்றை வடிகால் உள்ள பொதுக் குளங்களில் கூடுதல் பாதுகாப்பையும் அது கட்டாயமாக்கியது.

இங்கிலாந்து மெல்ல வந்தது. 1972இல், ரயில்பாதை மின்சாரம் தாக்கிய ஆறு வயதுச் சிறுவனின் வழக்கில் பிரபுக்கள் சபை தன் 1929ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது. 1984இல் அத்துமீறியவர்களுக்கும் ஓரளவு கடமை உண்டென்று சட்டம் வந்தது. ஆனால் விவரமறிந்த பெரியவர்கள் விஷயத்தில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் கறாராகவே நின்றன. 1995இல் செஷயரில், நீந்தத் தடையுள்ள ஏரியில் முழங்கால் நீரில் நின்று தலைகீழாகப் பாய்ந்த 18 வயது இளைஞர் கழுத்து முறிந்து முடங்கினார். பிரபுக்கள் சபை 2003இல் அவருக்கு இழப்பீடு மறுத்தது. தானே தேர்ந்துகொண்ட வெளிப்படையான ஆபத்துக்காக, ஆயிரக்கணக்கானோர் மகிழும் ஏரிக்கரையை மூடச் சொல்ல முடியாது என்று நீதிபதி ஹாஃப்மன் கருதினார். குழந்தைக்கும் இளைஞனுக்கும் இடையே கோடு கிழிக்கத்தான் வேண்டும். அந்தக் கோடு இங்கே நியாயமாகவே விழுந்தது.

இந்தியாவில் இதற்கென்று நாடு தழுவிய தனிச் சட்டம் எழுதப்படவில்லை, பெரும்பாலும் வழக்குகளே வழி. 1972இல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஓட்டல் குளத்தில் பாய்ந்த ஜெர்மன் துணை விமானி ஒருவர் தலையில் அடிபட்டு முடங்கினார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1985இல் இறந்தார். 1997இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி லஹோட்டி, உயர்ந்த கட்டணம் வாங்கும் ஓட்டலுக்கு உயர்ந்த பொறுப்பு உண்டு என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் விதித்தார். காயம்பட்டவர் இறந்த பின் அவர் தொடுத்த வழக்கு உயிரோடு இருக்குமா என்ற பழைய கேள்வி இதிலும் எழுந்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை.

நிலைத்தது இன்னொன்று. 1995 மே மாதம் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பட்ட 14 பள்ளிப் பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்று சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் என்ற இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. பள்ளி, விடுதி, பயிற்சி நிலையம் ஆகியவற்றின் குளங்களில் நேரும் சாவுகளுக்கு இந்தத் தீர்ப்பு இன்றும் கைகொடுக்கிறது. கட்டணம் செலுத்தியவர் தரப்பு, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.