ஐம்பதைத் தாண்டியும் ஊர் ஊரா: கரிசக்காட்டு ராஜபார்ட்டுகள்

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. உடம்பையும் குரலையும் மூலதனமா வச்சு, ஊர் ஊராப் போய்ச் சம்பாதிக்கிற ஒருத்தருக்கு வயசானா என்ன ஆகும்?

கோல்ஃப் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கு. 1980ல அமெரிக்காவுல, 50 வயசு தாண்டின தொழில்முறை வீரர்களுக்குன்னே தனிச் சுற்றுப்போட்டி தொடங்கினாங்க. வழக்கமான போட்டி நாலு நாள், 72 குழி. சீனியர்களுக்குப் பெரும்பாலும் மூணு நாள், 54 குழி. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 2023ல அமெரிக்க சீனியர் ஓப்பனை ஜெயிச்சப்போ அவருக்கு வயசு 65. நம்ம ஜீவ் மில்கா சிங், அர்ஜுன் அத்வால்கூட 50 தாண்டினதும் அந்தப் பாதைக்குப் போனவங்கதான். உடம்பு தளர்ந்தா வேலையையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம் என்பது அந்த ஏற்பாடு.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி பக்கம் கோல்ஃபுக்கு இடமில்லை. ஆனா அதே மாதிரி சம்பளம் இல்லாத, பயணமே வாழ்க்கையான ஒரு தொழில் இங்கே உண்டு. அதுதான் ஸ்பெஷல் நாடகம்.

இதோட வேர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918ல மதுரையில அவர் தொடங்கின பால சபாவுல பையன்களை ஒண்ணாத் தங்கவச்சு நாடகம் பழக்கினாங்க. ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்லை. அதுக்குக் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. ஒத்திகை கிடையாது. முன்பின் பழகாதவங்ககூட அன்னைக்கு ராத்திரி மேடையில சேர்ந்து நடிக்க முடியும். காரணம், சுவாமிகளோட பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினா விடியுற வரைக்கும் நடக்கும்.

பேசும் படம் வந்த பிறகு டவுன் கொட்டகைகள் சினிமாவுக்குப் போயிடுச்சு. நாடகம் கிராமத்துத் திருவிழாவுக்கு நகர்ந்தது. இங்கேதான் இந்த வறண்ட பூமி கதைக்குள்ள வருது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பின மானாவாரி நிலம் இது. பருத்தியும் மல்லியும் மிளகாயும் வீடு சேர்ந்து, கையில காசு வந்த பிறகுதான் ஊர்ல வரி பிரிச்சு சாமி கும்பிடுவாங்க. காடும் காலியாக் கிடக்கும், மழை பயமும் இருக்காது. ஆனா மழை பொய்ச்ச வருஷம் திருவிழா சுருங்கிடும், நாடகமும் குறையும். ஆக, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது சம்சாரி மட்டுமில்லை, ராஜபார்ட்டும்தான்.

இந்த வாழ்க்கையோட கனத்தைப் புரிஞ்சுக்க ஒருத்தரைப் பார்த்தாப் போதும். தியாகி விஸ்வநாததாஸ். 1886ல சிவகாசியில பிறந்து, திருமங்கலத்துல வாழ்ந்தவர். புராண நாடகத்துக்கு நடுவுல சுதந்திரப் பாட்டைப் பாடுவார். போலீஸ் மேடைக்கே வரும். பலமுறை சிறைக்குப் போனார். முடிதிருத்தும் சமூகத்துல பிறந்தவர் என்பதால அவரோட ஜோடி சேர மறுத்த நடிகைகளும் உண்டு. கூட்டம் அவருக்காகத் திரண்டது, ஆனா கடன் தீரலை.

அவர் அடிக்கடி போட்ட வேஷம், 'வள்ளி திருமணம்' முருகன். அந்தக் கதையில முருகன் வேடனா வருவார், கிழவனாவும் வருவார், கடைசியில என்றும் இளையவனா நிப்பார். அம்பதைத் தாண்டின நடிகருக்குக் கிழவன் வேஷத்துக்கு ஒப்பனையே தேவைப்படாம இருக்கலாம். கஷ்டம் அதுக்கப்புறம்தான். விடியற்காலையிலயும் அதே குரல்ல, அதே மிடுக்கோட குமரனா நிக்கணும்.

1940 டிசம்பர் 31. சென்னையில 'வள்ளி திருமணம்'. மயில்மேல முருகனா உட்கார்ந்து பாடிக்கிட்டு இருந்தப்பவே விஸ்வநாததாஸோட உயிர் பிரிஞ்சது. வயசு 54.

இந்த மரணத்தை "கலைஞனுக்குக் கிடைச்ச பாக்கியம்"னு பெருமையாச் சொல்றவங்க உண்டு. நாம இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். அந்த வயசுல ஒரு கோல்ஃப் வீரருக்குக் காத்திருந்த மாதிரி சின்ன ஆட்டம் இவருக்கு இல்லை. மேடையில அரை ராத்திரி முருகன்னு ஒரு வேஷம் கிடையாது. நடிச்சாத்தான் அன்னைக்குக் கூலி. ஒத்துக்கிட்ட நாடகத்துக்குப் போகலைன்னா அடுத்த சீசனுக்குக் கூப்பிட ஆள் இருக்காது. நலிந்த கலைஞர்களுக்கு அரசு உதவித்தொகை, நல வாரியம் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தவை. அதுவும் மேடையை விட்டு இறங்கினவங்களுக்கான கைத்தாங்கல்தான். வயசானவங்க மேடையிலயே நீடிக்க ஒரு வழியை நாம இன்னும் யோசிக்கவே இல்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, சுவர்ல நாடக நோட்டீஸ் ஒட்டியிருந்தா கொஞ்சம் நின்னு பாருங்க. வரிசையா போட்டோ இருக்கும். அதுல வயசான முகம் எதுன்னு தேடுங்க. முடிஞ்சா அவர் மேடைக்கு வர்ற வரைக்கும் தூங்காம உட்கார்ந்து பாருங்க.