மருந்துக்கொடையை ஏற்ற நகர்மன்றம்

சமண அறம் இல்லறத்தார்க்கு வகுத்த கொடைகள் நான்கு. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்பன அவை. இவற்றுள் மருந்துக்கொடையை ஒரு நகர்மன்றமே தன் கடமையாக ஏற்றுச் செய்த வரலாறு இலண்டன் மாநகரில் உண்டு. அதனை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் இந்தியர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

இலண்டனின் ஃபின்ஸ்பரி, 1930-களில் உழைக்கும் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியாகும். காற்றும் வெளிச்சமும் குறைந்த பழைய வீடுகளில் காசநோயும், குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயும் குடிகொண்டிருந்தன. மருத்துவ உதவிகளோ ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர நகர்மன்றம் முடிவு செய்தது. மன்றத்தை வழிநடத்திய ஹரால்டு ரைலியும், பொது சுகாதாரக் குழுவின் தலைவரான மருத்துவர் சுனிலால் கத்தியாலும் இப்பணிக்குத் துணிந்தனர்.

கத்தியால் பஞ்சாபில் பிறந்தவர். இலாகூரிலும் லிவர்பூலிலும் மருத்துவம் பயின்றவர். 1931-இல் காந்தியடிகளும் சார்லி சாப்ளினும் சந்தித்தது கிழக்கு இலண்டனில் இருந்த இவரது இல்லத்திலேயாகும். சமண ஞானியாகிய ஸ்ரீமத் ராஜசந்திரரைத் தம் ஆன்மிக வழிகாட்டியாகப் போற்றிய அண்ணல், இம்மருத்துவர் இல்லத்தில் அடியெடுத்து வைத்தமை நினைந்து போற்றற்குரியது.

கட்டடக் கலைஞர் பெர்தோல்டு லூபெட்கின் வடிவமைத்த நலவாழ்வு மையம் 1938 அக்டோபரில் திறக்கப்பட்டது. காசநோய், பல், பாதம் ஆகியவற்றுக்கான சிகிச்சைப் பிரிவுகளும், மகளிர்க்குரிய மருத்துவமும், படுக்கைத் துணிகளில் நோய்க்கிருமி நீக்கும் கூடமும் அங்கு அமைந்தன. கண்ணாடிக் கற்களின் வழியே முன்கூடத்தில் ஒளி நிறைந்தது. இருளில் வாழ்ந்தோர்க்கு அவ்வொளியும் ஒரு மருந்தே அன்றோ!

அவ்வாண்டிலேயே கத்தியால் ஃபின்ஸ்பரியின் மேயரானார். பிரிட்டனில் தெற்காசியர் ஒருவர் மேயரானது அதுவே முதன்முறை. மையம் தோன்றிப் பத்தாண்டுகள் கழித்து, 1948 ஜூலை 5 அன்று, அந்நாடு முழுமைக்கும் கட்டணமில்லா மருத்துவப்பணி தொடங்கிற்று. ஒரு சிறிய நகர்மன்றம் செய்துகாட்டியதை ஒரு நாடே பின்னர் மேற்கொண்டது.

தாயகம் திரும்பிய கத்தியால், தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். நாம் இன்று ஈ.எஸ்.ஐ. என வழங்குவது அதனையே. 1952-இல் கான்பூரில் இத்திட்டத்தைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். நம்மூர்த் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பெறும் மருந்துக்குப் பின்னும் இவரது உழைப்பு உள்ளது.

மருந்துக்கொடை தனி ஒருவரின் இரக்கத்தோடு நின்றுவிட்டால் அவர் காலத்தோடு ஓயும். ஊரின் கடமையாக நிலைபெறின் தலைமுறைகளைக் காக்கும். பொதுப்பணியில் உள்ளோர் அனைவரும் இதனை உளங்கொள்வாராக.