காலுக்கு விளங்குகிற பெடல்

பார்வையற்ற இசைக்கலைஞர்களுக்கான கருவிகள் எண்டால், கணினி வந்த பிறகு தொடங்கின கதை எண்டுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். பரிஸ் நகரத் தேவாலயங்களின் ஓர்கன்களைப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

1785இல் அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை தொடங்கியது. அதில் படித்துப் பிறகு அங்கேயே படிப்பித்தவர் லூயி பிரெய்ல். அவரும் ஓர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட புள்ளி முறை எழுத்துக்கு மட்டுமல்ல, இசைக்கும் சேர்த்துத்தான். அந்தப் பாடசாலையில் இசை பொழுதுபோக்கல்ல, பிழைப்புக்கான தொழில். அங்கே படித்த லூயி வியேர்ன், மிகக் குறைந்த பார்வையோடு 1900 முதல் 1937 வரை நோத்ர டாமின் ஓர்கனிஸ்ற். சின்ன வயதிலேயே பார்வையை இழந்த ஜான் லாங்லே, 1945 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செயின்ற் குளோதில்ட் தேவாலயத்தில் வாசித்தார்.

பிரெய்ல் இசைக்குறிப்பை விரலால் தடவித்தான் வாசிக்கவேணும். இரண்டு கையும் கட்டைகளில் இருக்கும்போது அது ஏலாது. ஆகவே முழுவதையும் மனனம் செய்யவேணும். வாசிக்கும் நேரத்தில் மிச்ச வேலையில் பெரும்பகுதி காலுக்குத்தான்.

இந்த இரண்டு தேவாலயங்களின் ஓர்கன்களும் 19ஆம் நூற்றாண்டில் அரிஸ்தீத் கவையே-கோல் கட்டியவை. காலால் சுரம் வாசிக்கிற கட்டைகளுக்கு மேலே, வரிசையாக இரும்புப் பெடல்களை அவர் வைத்தார். ஒன்றை மிதித்துப் பக்கவாட்டில் தள்ளினால் கொளுவி நிற்கும். குழல்களின் இன்னொரு தொகுதி சேர்ந்து ஒலிக்கும். விடுவித்தால் மேலே வந்துவிடும். கீழே நிக்குதா மேலே நிக்குதா எண்டு கால் தொட்டே அறியும். இதைப் பார்வையற்றோருக்காகச் செய்தார் எண்டு சொல்ல ஏலாது. வாசிக்கும்போது எந்த ஓர்கனிஸ்றும் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாதுதானே. காலை நம்பிக் கட்டிய கருவி, எல்லோருக்கும் பொருந்தியது.

1983இல் மிடி வந்தது. ஒரு சின்னக் கட்டளையால் 128 ஒலிகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம் எண்ட வசதி வந்தது. ஆனால் அதற்காக வந்த பல கால் கொன்ட்ரோலர்களில் ஒரே அளவான பொத்தான்கள் நெருக்கமாக இரண்டு வரிசையில் இருக்கும். எது இயங்குது எண்டதைச் சின்ன வெளிச்சம்தான் சொல்லும். 'பாங்க்' மாற்றினால் அதே பொத்தானுக்கு வேற வேலை. அதைத் திரை மட்டும்தான் காட்டும். கால் அறிந்துகொண்டிருந்ததைக் கண்ணிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே இன்று ஒன்றைத் தெரிவு செய்யும்போது, எத்தனை பொத்தான் எண்டு எண்ணுவதை விட வேற கேள்விகள் முக்கியம். பொத்தான்களுக்கு இடையில் சப்பாத்துப் போட்ட கால் பிரித்தறியக்கூடிய இடைவெளி இருக்கா? மிதித்தது 'கிளிக்' எண்டு காலுக்குத் தெரியுமா? ஒரு பொத்தானுக்கு எப்போதும் ஒரே வேலையை ஒதுக்கிவைக்கலாமா? அமைப்புகளை மாற்றும் மென்பொருளை என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வாசிக்குமா? கடைசிக் கேள்விக்கு இல்லை எண்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பார்வையுள்ள ஒருவரைத் தேடவேண்டி வரும்.

நான்கு பொத்தான் மட்டுமே உள்ள மலிவான பெடல், இந்தக் கேள்விகளில் விலைகூடிய ஒன்றை வெல்லக்கூடும். விலைகூடியதை வாங்குகிறவர், தன் மேடையிலேயே இன்னொருவரின் கண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கவையே-கோலின் பெடல்களிலோ கீழே மேலே எண்டது காலுக்கே தெரிந்தது.